யானை வேலியும் வட்டைக் கூட்டமும்: கேள்வி பதில்

வெல்லாவெளி விவசாயி: ஐயா, மின்வேலி போட்டும் யானை வருகிறதே, மின்சாரம் போதாதா?

வேலியோரம் ஒருமுறை நடந்து பாருங்கள், தம்பி. கம்பியில் கொடி படர்ந்திருக்கும். மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். மாடு போகவென்று ஒருவர் கம்பியைத் தளர்த்தியிருப்பார், விறகுக்குப் போனவர் இன்னோரிடத்தில் அவிழ்த்திருப்பார். அரசாங்க வேலிதானே, யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பு. இன்னொரு கூத்தும் உண்டு: சில வேலிகள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் நடுவே நிற்கின்றன. இரண்டு பக்கமும் யானை!

யானை ஆய்வாளர் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் வேறு பகுதிகளில் செய்து காட்டிய முறை எனக்குப் பிடித்தது. விதைத்ததும் வயலைச் சுற்றி விவசாயிகளே மின்வேலி கட்டுவார்கள். அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பிறகு யானை வந்து நெல் தாளை மேயட்டும். ஆனால் எந்தக் கிழமை யார் வேலி பார்ப்பது என்பதைப் பெரும்போகத்துக்காக வயல்காரர் கூடும் வட்டைக் கூட்டத்திலேயே பெயர் எழுதி முடித்துவிட வேண்டும். அங்கே சண்டை வந்தால் வேலி நிற்காது.

களுவாஞ்சிகுடி ஆசிரியை: யானைகள் எல்லாவற்றையும் கல்லோயாத் தேசியப் பூங்காவுக்குள் துரத்திவிட்டால் என்ன?

நாட்டில் பலமுறை செய்து பார்த்தாயிற்று, டீச்சர். குட்டிகளோடு திரியும் கூட்டம் போகும், போய்ப் பட்டினி கிடக்கும். வயலில் இறங்கும் தனியன், ஒற்றை ஆண் யானை, திரும்பி வருவான், வெடிச்சத்தத்துக்குப் பழகி முன்னிலும் முரடாக. இலங்கையில் யானை உலவும் நிலத்தில் சுமார் 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறோம். எங்கே துரத்துவது?

அம்பாறை வாசகர்: குப்பை மேட்டு யானைகள்?

நம் வெட்கக்கேடு. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் வரை செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சோற்றோடு சேர்த்துப் பொலித்தீன் பையைக் கட்டி எறிகிறோம். உப்பும் புளியும் ஊறிய பையை யானை அப்படியே விழுங்குகிறது.

கொக்கட்டிச்சோலை இளைஞர்: பிள்ளையார் என்று கும்பிடுகிறவர்களே வெடியும் வைக்கிறார்களே?

வைப்பது பெரும்பாலும் பன்றிக்கு. பூசணிக்காய்க்குள் ஒளித்த வெடியைக் குட்டி யானை கடித்துத் தாடை சிதறி, நாட்கணக்கில் தின்ன முடியாமல் சாகிறது. பன்றி இறைச்சியை வாங்க ஆளிருக்கும்வரை அந்த வெடியும் இருக்கும்.

வவுணதீவு இல்லத்தரசி: இரவில் வீட்டுச் சுவரை உடைக்கிறது, என்ன செய்வது?

நெல் மணத்துக்குத்தான் சுவரை உடைக்கிறது. நெல் மூடை எந்த அறையில் இருக்கிறது, தங்கச்சி? பிள்ளைகள் படுக்கும் அறையென்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.