“இதில் நான் யார்?” – சாண்ட்ரா ஓ பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘டர்னிங் ரெட்’ கார்ட்டூன் படத்தில் அந்தக் கண்டிப்பான அம்மாவுக்குக் குரல் கொடுத்தவர் யார்? எங்கேயோ கேட்ட குரல் என்று என் பெண் நச்சரிக்கிறாள். (ஈரோடு வாசகி)

பதில்: உங்கள் பெண்ணுக்கு நல்ல காது. அது சாண்ட்ரா ஓ, கனடா நடிகை. ‘கிரேஸ் அனாட்டமி’ மருத்துவத் தொடரில் 10 சீசன் டாக்டர் கிறிஸ்டினா யாங்காக வந்தவர். அங்கேதான் கேட்டிருப்பாள். 2022இல் வந்த ‘டர்னிங் ரெட்’ கதை டொரொண்டோவில் நடக்கிறது, அதனால் கனடாக் குரல்கள் நிறைய. கதாநாயகியின் தோழி பிரியாவுக்குக் குரல் கொடுத்தது மிஸ்ஸிசாகாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன், அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சினிமாவுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் விட்டுவிட்டார்களா? (மதுரை வாசகர்)

பதில்: எங்கே விடுவார்கள்! 1960களில் கொரியாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய குடும்பம். அம்மா உயிர்வேதியியல் படித்தவர், அப்பா வியாபாரம். அக்கா தம்பி வரிசையில் ஒருவர் வக்கீல், இன்னொருவர் மரபணு மருத்துவம். வீட்டில் முதுகலைப் பட்டம் இல்லாத ஒரே ஆள் நான்தான் என்று சாண்ட்ராவே சொல்லிச் சிரிப்பார். 1971இல் ஒட்டாவாவை ஒட்டிய நேப்பியனில் பிறந்தவர், நாலு வயதில் பாலே வகுப்பு, பள்ளி முடித்ததும் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறை படிக்க நாலு வருஷ உதவித்தொகை கையில் இருந்தது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மாண்ட்ரியாலில் உள்ள தேசிய நாடகப் பள்ளிக்குப் போனார். சில வருஷம் முயற்சி செய்கிறேன், சரிப்படாவிட்டால் திரும்பிப் படிக்கிறேன் என்று வீட்டில் ஒரு வாக்கு. அந்த வாக்குக்கு வேலையே வரவில்லை. 1993இல் நாடகப் பள்ளியை முடித்தார், அடுத்த வருஷமே ஒரு தொலைக்காட்சிப் படத்திலும் ‘டபுள் ஹேப்பினஸ்’ என்ற சினிமாவிலும் நாயகி, சினிமாவுக்குக் கனடாவின் ஜீனி விருது!

2018இல் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி விழாவுக்கு அம்மா கொரிய மரபு உடையான ஹன்போக் உடுத்தி வந்தார். சில மாதம் கழித்து கோல்டன் குளோப் மேடையில் மகள் கொரிய மொழியில் அப்பா அம்மாவிடம் அன்பைச் சொன்னபோது அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் காட்சியை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: 22, 23 வயதில் சொந்த ஊரில் சிறந்த நடிகை விருது வாங்கியவர், ஹாலிவுட்டில் ஏன் இத்தனை வருஷம் தோழியாகவும் உதவியாளராகவுமே வந்தார்? திறமைக்குக் குறைச்சல் இல்லையே? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: திறமையைப் பார்த்து வேஷம் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 1996 முதல் 2002 வரை ‘ஆர்லிஸ்’ தொடரில் விளையாட்டு வீரர்களுக்கான ஏஜென்ட் ஒருவரின் உதவியாளர். ‘அண்டர் த டஸ்கன் சன்’ படத்தில் நாயகியின் தோழி. ‘பிரின்சஸ் டைரீஸ்’ படத்தில் பள்ளித் துணை முதல்வர், அந்தப் பாத்திரத்தின் பெயர் குப்தா! கொரிய முகத்துக்குக் குப்தா என்று பெயர் வைத்துவிட்டு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, ஆசியா என்றால் எல்லாம் ஒரே தெரு என்ற நினைப்பு. அதிலும் இரண்டு நிமிஷம் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனார் என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால் இதெல்லாம் ‘டபுள் ஹேப்பினஸ்’ படத்திலேயே இருக்கிறது. அதில் அவர் நடிகையாகத் துடிக்கும் சீனக் கனடியப் பெண். ஒரு நடிப்புத் தேர்வில் ‘அந்த உச்சரிப்பில்’, அதாவது சீன உச்சரிப்பில், பேசச் சொல்வார்கள், இவள் தெரியாதவள் மாதிரி பாரிஸ்காரி போலப் பேசிக் காட்டுவாள். இயக்குநர் மீனா ஷம் 1994இல் எடுத்த காட்சி அது. அப்புறம் வந்த இருபது வருஷமும் அந்தக் காட்சிக்குப் போட்ட உரை மாதிரிதான்.

2017 வாக்கில் ‘கில்லிங் ஈவ்’ என்ற தொடரின் கதை அவர் கைபேசிக்கு வருகிறது. ஏஜென்ட் அழைப்பில் இருக்கிறார். சாண்ட்ரா பக்கங்களைத் தள்ளித் தள்ளித் தேடுகிறார், இதில் நான் யார், எந்தப் பாத்திரத்துக்குப் பார்க்கணும் என்று. ஏஜென்ட் சொல்கிறார்: ஈவ்தான், தலைப்பில் இருக்கிறாளே அவள். தனக்கு வருவது ஒரு டாக்டரோ வரவேற்பாளரோதான் என்று மனசு பழகிப்போயிருந்தது என்று பேட்டியில் அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். உலகமே பார்த்த தொடரில் பத்து வருஷம் நடித்து முடித்த பிறகு இந்த நிலைமை! அடுத்தவர் நம்மைச் சின்னதாகப் பார்ப்பது ஒரு பக்கம், பார்த்துப் பார்த்து நாமே அந்த அளவுக்கு நம்மைத் தைத்துக்கொள்வது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சரி, ஈவாக நடித்தார், 2018இல் நாடகத் தொடருக்கான சிறந்த நடிகை பிரிவில் எம்மி பரிந்துரை கிடைத்தது. ஆசிய வம்சாவளி நடிகை ஒருவர் அந்தப் பிரிவில் வருவது அதுவே முதல் தடவை. அடுத்த ஜனவரியில் கோல்டன் குளோப் விழாவைத் தொகுத்து வழங்கி, அதே மேடையில் விருதும் வாங்கினார். 47 வயது அப்போது.

கேள்வி: ‘கிரேஸ் அனாட்டமி’யில் எல்லாரும் மெரடித் மெரடித் என்கிறார்கள். எனக்குக் கிறிஸ்டினாதான். தப்பா? (திருச்சி வாசகி)

பதில்: தப்பே இல்லை, நானும் உங்கள் கட்சி. அந்த வேஷமும் தானாக வரவில்லை, பெய்லி என்ற இன்னொரு டாக்டர் பாத்திரத்துக்குத்தான் முதலில் அவரை அழைத்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு இது வேண்டாம், அந்தக் கிறிஸ்டினாவைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். குழந்தை வேண்டாம், அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், தொடர் எழுதுகிறவர்கள் கடைசியில் அவளை மனம் திருந்த வைத்துவிடுவார்கள். கிறிஸ்டினா திருந்தவில்லை. 2014இல் ஜூரிக்கில் பெரிய வேலைக்குப் போய்விட்டாள்.

கேள்வி: ஆஸ்கர் வாங்கியிருக்கிறாரா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லை. பல பரிந்துரைகள் வந்தும் நடிப்புக்கு எம்மியும் இல்லை. 2019இல் ‘கில்லிங் ஈவ்’ தொடருக்கே சிறந்த நடிகை எம்மி கிடைத்தது, கூட நடித்த ஜோடி கோமருக்கு!

கேள்வி: இப்போது அவர் அமெரிக்கரா, கனடாக்காரரா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: இரண்டும். 2018இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். ஆனால் 2022இல் கனடா அரசின் உயரிய ஆர்டர் ஆஃப் கனடா விருது வந்தது, அந்த செப்டம்பரில் எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்குக்குப் போன கனடாக் குழுவிலும் இருந்தார். ‘கிரேஸ் அனாட்டமி’யை விட்டு விலகிய கையோடு கனடாவின் சின்னப் படங்களுக்கும் வந்தார், 2017இல் ‘மெடிடேஷன் பார்க்’ படத்தில் அதே மீனா ஷம்மோடு மறுபடி சேர்ந்தார்.

கேள்வி: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்? தொடர் என்றால் எனக்குப் பொறுமை இல்லை. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ‘லாஸ்ட் நைட்’, 1998, டான் மெக்கெல்லர் இயக்கியது. இவருக்கு இரண்டாவது ஜீனி விருது வாங்கிக் கொடுத்த படம். நள்ளிரவு உலகம் அழியப்போகிறது, ஏன் என்று யாரும் சொல்வதில்லை, ராத்திரி ஆகியும் வெளிச்சம் போவதில்லை. டொரொண்டோ தெருவில் கார் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு பெண் எப்படியாவது வீட்டுக்குப் போய்க் கணவனோடு சேர்ந்துவிடணும் என்று தவிக்கிறாள், முன்பின் தெரியாத ஒருவன் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே ‘டபுள் ஹேப்பினஸ்’, அப்புறம் ஈரோட்டுப் பெண் மாதிரி ‘டர்னிங் ரெட்’. ‘டபுள் ஹேப்பினஸ்’ படத்தில் அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்கிற மகள், 28 வருஷம் கழித்து ‘டர்னிங் ரெட்’ படத்தில் மகள் எதையோ மறைக்கிறாள் என்று மோப்பம் பிடிக்கிற அம்மா. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், யார் பக்கம் நின்றீர்கள் என்று.