தங்கைக்கு 1,80,000 கட்டி பியூட்டிஷியன் டிப்ளமோ: போட்ட பணம் திரும்ப வருமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த தங்கை பியூட்டிஷியன் ஆகவேண்டும் என்கிறாள். திருச்சியில் ஒரு தனியார் அகாடமியில் ஆறு மாத காஸ்மெட்டாலஜி டிப்ளமோவுக்கு 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

இதே ஊரில் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது எல்லாம் நான்தான், அதனால் வேலை கொடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து, இதில் பாதிப் பணத்தை வேறு ஒரு படிப்புக்குக் கட்டவேண்டி வரலாம், அப்போது யோசிக்காமல் கட்டுங்கள்.

முதலில் அந்த 1,80,000 என்பது 1,80,000 இல்லை. பார்லர் சேவைக்கான ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் 5% ஆகக் குறைத்தார்கள், ஆனால் அகாடமி கட்டணத்துக்கு 18% தான். 32,400 ரூபாய் கூடி 2,12,400 ஆகிவிடும். கிட், அதாவது பயிற்சிக்கான பொருள்களின் விலை அதற்குள் அடக்கமா, தேர்வுக் கட்டணம் தனியா என்று கேளுங்கள், பெரும்பாலும் தனிதான். பஸ், ஹாஸ்டல் செலவு உங்களுக்கே தெரியும்.

சரி, முடித்துவிட்டு வந்தால் என்ன கிடைக்கும்? எங்கள் ஊரில் புதிதாக வரும் பெண்ணுக்கு 9,000, 10,000 என்று ஆரம்பிப்பார்கள். டிப்ளமோ வைத்திருந்தால், அதுவும் பெரிய சலூன் என்றால், 12,000, 13,000 கிடைக்கலாம். இங்கேதான் எல்லாரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். முழு 12,000த்தையும் படிப்பின் வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, படிக்காமல் போயிருந்தாலும் 9,000 வந்திருக்குமே. படிப்பு கூட்டிக் கொடுத்தது 3,000 மட்டும். 2,12,400ஐ 3,000ஆல் வகுத்தால் 71 மாதம், கிட்டத்தட்ட ஆறு வருஷம். வட்டிக்கு வாங்கிக் கட்டினால் இன்னும் இழுக்கும். நடுவில் கல்யாணம் ஆகி வேலையை விடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழை ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். நூலைக் கொடுத்து ஒரு புருவம் எடுக்கச் சொல்வேன். கை பேசிவிடும். த்ரெடிங், வேக்ஸிங், ஃபேஷியல், ஹேர் கட் எல்லாமே நூறு பேருக்குச் செய்தால்தான் வரும், அந்த நூறு பேர் அகாடமியில் கிடைக்க மாட்டார்கள். பல இடங்களில் செய்து பழக மாடலாக உட்காரும் ஆளைக்கூட நீங்களே கூட்டி வரவேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் ஒருத்தி முகத்தில் இன்னொருத்தி மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருப்பார்கள். நடமாட்டம் உள்ள ஒரு பார்லரில் உதவியாளாக நின்றால் இரண்டு மூன்று மாதத்தில் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

அடிப்படையைக் கற்றுக்கொள்ள மலிவான வழிகள் இருக்கின்றன. அரசு ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பு, பத்தாவது போதும். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. உங்கள் தங்கை ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 தனியாக வரும். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது, மகளிர் ஐடிஐகளில் விசாரியுங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பியூட்டி பார்லர் பயிற்சி ஒரு மாத அளவில் இலவசமாக உண்டு, மதியச் சாப்பாடும் அவர்களே போடுவார்கள்.

அப்புறம் இந்தத் தொழிலில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். சம்பளத்தில் இல்லை. சலூனில் டார்கெட் வைப்பார்கள், சம்பளத்தைப் போல மூன்று நான்கு மடங்கு பில் போட்டால்தான் அதற்கு மேல் இன்சென்டிவ். வாடிக்கையாளர் ‘அந்தப் பொண்ணு இருக்காளா’ என்று கேட்டு வர ஆரம்பித்த பிறகுதான் அது கைக்கு வரும், அதற்கு ஒரு வருஷமாவது ஆகும். மணப்பெண் மேக்கப் வேறு கணக்கு. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்த்து 15,000, 20,000 வாங்குகிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் ஒரு போன் வராது, புரட்டாசியிலும் அப்படித்தான். முகூர்த்த நாள் எல்லாருக்கும் ஒரே நாள் என்பதால் ஒரே தேதிக்கு மூன்று பேர் கேட்பார்கள், ஒருவருக்குத்தான் போக முடியும். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும், பிறகு பொருள் செலவு, புடவை மடிப்பு எடுக்க ஒரு உதவியாள், கார் வாடகை. மிச்சத்தைப் பிறகுதான் எண்ண முடியும். இருந்தாலும் சம்பளத்தைவிட மேல், சந்தேகமே இல்லை.

அதனால் ஒன்றிரண்டு வருஷம் வேலை பார்த்து, தங்கைக்கு மேக்கப்பில் கை ஓடுகிறதா, ஹேர் கலரிங்கில் ஓடுகிறதா என்று தெரிந்த பிறகு, அந்த ஒன்றுக்கு மட்டும் நல்ல இடத்தில் குறுகிய காலப் படிப்பு படிக்கட்டும். அந்தச் செலவு இரண்டு கல்யாண சீசனில் திரும்பிவிடும். மீதியை அவள் சொந்தமாகக் கடை போட வையுங்கள். அதற்கு வங்கிக் கடனோடு மானியமும் தருகிற பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்கு சொந்தப் பங்கு 5% தான், 5 லட்ச ரூபாய் திட்டத்துக்கு 25,000. மானியம் நகரத்தில் 25%, கிராமத்தில் 35%.

வெளிநாட்டு மாப்பிள்ளை கணக்கில் இருந்தால் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி லைசென்ஸ், கலிபோர்னியாவில் 1,600 மணி நேரப் பயிற்சி கேட்டதை 2022இல்தான் 1,000 ஆக்கினார்கள். இங்கே வாங்கிய டிப்ளமோவை வைத்து அங்கே நேராகக் கத்தரிக்கோல் எடுக்க முடியாது.

இன்னொன்று, உடம்பு. நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. இடுப்பும் தோளும் முப்பது வயதிலேயே பேச ஆரம்பிக்கும், ஹேர் ஸ்மூத்தனிங் கெமிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளவே கொள்ளாது. தங்கைக்குத் தோல் அலர்ஜி இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இவ்வளவு சொல்லியும் அதே அகாடமிதான் என்று அவள் நின்றால், பணம் கட்டுமுன் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மதியம் பிராக்டிகல் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். எத்தனை பேருக்கு ஒரு நாற்காலி, யார் தலையில் செய்கிறார்கள் என்று பாருங்கள். போன பேட்ச் பெண்கள் இரண்டு பேர் நம்பர் கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும், அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா, இரண்டையும் எழுதிக் கேளுங்கள். நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்றால் எந்தக் கடையில், என்ன சம்பளத்தில் என்று கேளுங்கள். வாயால் மட்டும் சொல்லி, எழுதிக் கொடுக்க மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.