கால் கனமா இருக்கா? இன்னும் மிதிச்சா சரியாகாது

கேள்வி: வயசு 38, தாம்பரம், ஐடி வேலை. அடுத்த மாசம் 200 கிமீ ப்ரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் ரைடு) போகணும்னு வாரத்துல ஆறு நாள் குரூப்போட ஈசிஆர்ல ஃபுல் ஸ்பீடா ஓட்டுறேன். போன மாசம் மணிக்கு 28 கிமீ ஆவரேஜ் வந்துச்சு, இப்ப 25 தாண்டல. கால் கனமா இருக்கு, தூக்கமும் சரியில்ல. இன்னும் கூட்டணுமா சார்?

பதில்: கூட்டாதீங்க, குறைங்க. ஸ்பீடு குறைஞ்சதை விட தூக்கம் கெட்டதுதான் எனக்கு கவலையா இருக்கு. வண்டி ஓட்டும்போது உடம்பு தேயுது, நல்லா சாப்பிட்டு தூங்கும்போதுதான் தேஞ்சது திரும்ப வலுவா கட்டுது, கடுமையா ஓட்டினா தசையில காலியான சக்தி நிரம்பவே ஒரு நாள் ஆகும், நீங்க அது நிரம்புறதுக்குள்ள மறுநாள் காலைல கிளம்பிடுறீங்க.

ஸ்டீபன் சீலர்னு ஒரு ஆராய்ச்சியாளர் உலகத்தரமான வீரர்களோட பயிற்சியை பார்த்தப்ப, பத்து செஷன்ல எட்டு நிதானமாதான் இருந்துச்சு. நிதானம்னா பக்கத்துல வர்றவர்கிட்ட மூச்சு வாங்காம முழு வாக்கியமா பேச முடியணும். ஈசிஆர்ல யாராவது சர்ருன்னு தாண்டிப் போவாங்க, உடனே கால் துறுதுறுங்கும், விட்டுடுங்க, எனக்கு தெரிஞ்சு ரொம்பப் பேருக்கு கஷ்டமான பயிற்சி இதுதான்.

இந்த வாரம் முழுக்க லேசா போங்க, மூணு நாள் சைக்கிளையே தொடாதீங்க, மத்த நாள் முக்கால் மணி நேரம் போதும். அடுத்த வாரத்துல இருந்து செவ்வாய் ஒரு நாள் மட்டும் இன்டர்வல், அஞ்சு நிமிஷம் நல்லா அழுத்தி, அஞ்சு நிமிஷம் லேசா, இப்படி நாலு தடவை. ஞாயிறு நீளமான ரைடு, நிதானமா. திங்களும் வெள்ளியும் முழு ரெஸ்ட். மிச்ச நாள் லேசு. ராத்திரி ஆபீஸ் கால் முடிய பன்னெண்டு ஆச்சுன்னா அலாரத்தை அணைச்சுட்டு தூங்குங்க, நாலு மணி நேரம் தூங்கிட்டு போற ரைடால நஷ்டம்தான்.

காலைல கண்ணு முழிச்சதும் படுக்கையிலேயே ஒரு நிமிஷம் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வைங்க. ஒரு வாரத்துல உங்க வழக்கம் தெரிஞ்சிடும், அதை விட ஏழெட்டு கூட இருந்தா அன்னிக்கு இன்டர்வல் வேணாம். வெயில்ல தண்ணி பத்தாம இருந்தாலும் ஏறும், அதையும் பாருங்க.

இன்னொண்ணு, 200 ப்ரெவேக்கு 13 மணி 30 நிமிஷம் தர்றாங்க. டீ குடிக்க நிக்கிறதையும் சேர்த்து சராசரியா 15 இருந்தா போதும், 28 எதுக்கு? அன்னிக்கு பசி வர்றதுக்கு முன்னாடியே வாழைப்பழம், கடலை மிட்டாய்னு மணிக்கு ஒரு தடவை சாப்பிடப் பழகுங்க. கடைசி பத்து நாள் தூரத்தை பாதியாக்குங்க, நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் சில நிமிஷம் மட்டும் வேகமா மிதிங்க, அந்தப் பத்து நாள்ல ஸ்டாமினா எங்கயும் போயிடாது.

ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தும் கால் கனம் போகலன்னா டாக்டரைப் பாருங்க, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல்லுவாங்க. ஓட்டும்போது நெஞ்சு வலியோ தலைசுத்தலோ வந்தா மட்டும் ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னிக்கே போயிடுங்க.