கணப்புக்கு மேலே இருக்கும் கேடயம் யாருடையது?

கேள்வி: குன்னூரில் எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பங்களாதான் எங்கள் பிறந்த வீடு. அவர் 'ராவ் பகதூர்'. பதக்கம் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஹாலில் கணப்புக்கு மேல் மரத்தில் செதுக்கிய கேடயம்: ஒரு சிங்கம், ஓரத்தில் வெள்ளைக் கட்டத்துக்குள் சிவப்பு உள்ளங்கை. பட்டத்தோடு தந்த குடும்பச் சின்னம் என்கிறார் அண்ணன். என் மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தச் சின்னமும், தாய்மாமனான தன் பெயருக்கு முன்னால் பட்டமும் வேண்டுமாம். போடலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா.

கேடயம் பங்களாவோடு வந்தது. அந்தச் சிவப்புக் கையே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. அது 'பேரனெட்' என்ற பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டத்தின் அடையாளம். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் படை வைத்திருக்க மன்னர் முதலாம் ஜேம்ஸுக்குப் பணம் தேவைப்பட்டது. 30 படைவீரர்களுக்கு மூன்று வருஷச் செலவைக் கட்டுகிறவருக்குப் பட்டம் என்று 1611-இல் ஆரம்பித்தார். கை, அல்ஸ்டரின் சின்னம். பணம் கட்டி வாங்கிய பட்டம்தான், ஆனால் பெயருக்கு முன்னால் 'சர்' போட்டுக்கொள்ளலாம், அப்பாவுக்குப் பிறகு மூத்த மகனுக்குப் போகும். இந்தியர்களில் முதலில் இதைப் பெற்றவர் மும்பை வியாபாரி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், 1857-இல். பட்டத்துக்கு வரும் வாரிசுகள் எல்லாரும் அவர் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள்!

இங்கிலாந்தில் கேடயச் சின்னங்களைப் பதிவு செய்வது லண்டனில் 1484 முதல் இருக்கும் 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்'. சின்னம் ஒருவருக்கும் அவருடைய ஆண் வழி வாரிசுகளுக்கும்தான். வீட்டை விலைக்கு வாங்கியவருக்குச் சேராது. துரை யார் என்று அறிய ஆசையா? மூலப் பத்திரத்தில் விற்றவர் பெயர் இருக்கும். அதை வைத்துத் தேடினால் சிங்கத்தின் கதையும் வெளிவரும்.

'ராவ் பகதூர்' விஷயம் வேறு. அது அவருக்கு மட்டும் தந்த பட்டம், பிள்ளைகளுக்கு இறங்காது, கேடயமும் கிடையாது. 1911-க்குப் பிறகு பட்டத்தோடு பதக்கம் கொடுத்தார்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பெற்றவர் பெயரைப் பொறித்திருப்பார்கள். அண்ணன் பெயர் அதில் இருக்க வழியில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, ராணுவ, கல்விப் பட்டங்கள் தவிர வேறு பட்டம் அரசு வழங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவும் சொல்லிவிட்டது.

அண்ணன் மனசு நோகாமல் ஒரு வழி இருக்கிறது. 'ராவ் பகதூர்' என்று கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் தாராளமாகப் போட்டு, அவருடைய எள்ளுப்பேத்தி என்று மணப்பெண்ணைக் குறிப்பிடுங்கள். தாய்மாமன் பெயரை அடுத்த வரியில் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடித்தால் போதும். அப்புறம், கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது அந்தக் கேடயத்தின் மேல் பெயின்ட் பூச விட்டுவிடாதீர்கள்.