தலைமுறை எண்ணை நம்பிக் கணினி வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமண வீடியோ எடுத்து, நானே எடிட் செய்தும் கொடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது 2014இல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ5 கணினி. புதிய கேமராவில் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கி எழுதும் ஒரு முறை) முறையில் எடுத்த காட்சிகள் அதில் திக்கித் திக்கித்தான் ஓடுகின்றன. கடையில் ஐ5‑12500, ஐ5‑14400 இரண்டுக்கும் விலை எழுதிக் கொடுத்து, 14ஆம் தலைமுறையே மேல் என்கிறார்கள். எஃப் என்று முடியும் செயலியை எடுத்தால் விலை இன்னும் குறையும் என்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இப்போது வாங்க இயலாது. எதை எடுப்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் எஃப் செயலியை ஒதுக்கி விடுங்கள். எஃப் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனிக் கார்டு இல்லாத கணினியில் அதைப் பொருத்தினால் திரையில் ஒன்றுமே தெரியாது. உங்களைப் பொறுத்தவரை அந்தச் சேமிப்பு பெரிய இழப்பாக முடியும். ஏனென்றால் உங்கள் வேலையைத் தூக்கிச் சுமக்கப் போவதே அந்த உள்ளமைந்த கிராபிக்ஸ்தான்.

கேமரா சுருக்கி எழுதிய காட்சியை எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) விரித்துக் காட்ட வேண்டும். இந்த விரிப்பு வேலைக்கென்றே ஒரு தனிச் சுற்றை (சர்க்யூட்டை) இன்டெல் 2011இல் வந்த இரண்டாம் தலைமுறைச் செயலிகளிலிருந்து கிராபிக்ஸ் பகுதிக்குள் வைத்து வருகிறது. குவிக் சிங்க் என்று சொல்வது அதைத்தான். உங்கள் நான்காம் தலைமுறையில் உள்ள சுற்று பழைய சுருக்க முறையான ஹெச்.264 வகையை அறியும், ஹெச்இவிசி வகையை அறியாது. 2015இல் வந்த ஆறாம் தலைமுறை 8 பிட் ஹெச்இவிசியையும், அதற்கு அடுத்தது 10 பிட்டையும் விரிக்கக் கற்றுக்கொண்டன. ஆனால் நிறத் தகவல் இரு மடங்காக இருக்கும் 4:2:2 வகையை 11ஆம் தலைமுறையிலிருந்து நம்பி எடுக்கலாம். சுற்றுக்குத் தெரியாத வகை வந்தால் அந்தப் பாரம் முழுவதும் செயலியின் கோர்களின் (கணக்கிடும் மையங்களின்) மேல் விழுகிறது. நீங்கள் காணும் திக்கலுக்கு அதுவே காரணம். என்விடியாவின் தனிக் கார்டுகளே 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்த 4:2:2 வகைக்கு வழி செய்தன என்பதால், பின்னாளில் கார்டு வாங்கினாலும் எஃப் இல்லாத செயலி உங்களுக்குக் கைகொடுக்கும்.

இனி 12500, 14400 ஒப்பீட்டுக்கு வருவோம். இவற்றின் முதல் இரண்டு இலக்கங்களே தலைமுறை எண். மேசைக் கணினிச் செயலிகளில் 2021இல் வந்த 12ஆம் தலைமுறைக்கும் 2023இல் வந்த 14ஆம் தலைமுறைக்கும் இடையே கிராபிக்ஸ் பகுதி மாறவே இல்லை. மாறுவது ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலை. 14400இல் இருப்பது யுஹெச்டி 730 என்ற கிராபிக்ஸ். அதில் 24 கணக்கீட்டு அலகுகளும் ஒரே ஒரு வீடியோ சுற்றும் உண்டு. 12500இல் இருப்பது யுஹெச்டி 770. அதில் 32 அலகுகளும் இரண்டு வீடியோ சுற்றுகளும் உண்டு. முகூர்த்தத்தை இரண்டு மூன்று கேமராக்களில் எடுத்து ஒரே டைம்லைனில் ஓட்டிப் பார்க்கும் உங்களுக்கு, பழைய எண்ணைத் தாங்கிய 12500 இந்த ஒரு வேலையில் புதியதை விடப் பொருத்தமானது. 14400இன் பக்கமும் நியாயம் உண்டு: இரண்டிலும் ஆறு பெரிய கோர்கள் இருக்க, அதில் நான்கு சிறிய கோர்கள் கூடுதல் என்பதால், கோர்களை நம்பி நடக்கும் இறுதி வெளியீட்டு வேலைகளில் அது முந்தும். இரண்டும் வேண்டுமென்றால் ஐ5‑14500 பாருங்கள். யுஹெச்டி 770உம் பதினான்கு கோர்களும் அதில் சேர்ந்தே வருகின்றன. பணம் இடம் கொடுத்தால் அதையே எடுக்கச் சொல்வேன், இல்லையென்றால் 12500.

எதை வாங்கினாலும், உங்களிடம் உள்ள எடிட்டிங் மென்பொருளின் பதிப்பு இந்த வகைக் காட்சிக்கு வீடியோ சுற்றைப் பயன்படுத்துகிறதா என்பதை முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளின் முகப்பையும் வளவையும் அளந்து முப்பரிமாணப் படமாக வரைய வேண்டும் என்கிறாள். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு லேப்டாப் பார்த்தோம்: ஒன்று ரைசன் 5 7520யு, மற்றது ஐ5‑1235யு. இரண்டிலும் 8 ஜிபி ரேம். 7000 வரிசைதான் புதியது என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: ரைசன் 7520யு 2022இல் வெளியானது உண்மை, அதன் உள்ளே இருக்கும் கோர்களோ 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மாடல் ஆண்டைக் காட்டுவது முதல் இலக்கம்; வடிவமைப்பைக் காட்டுவது மூன்றாம் இலக்கம். 7520இல் மூன்றாம் இலக்கம் 2. அதன் ரேடியான் 610எம் கிராபிக்ஸில் இரண்டே இரண்டு கணக்கீட்டுத் தொகுதிகள்தான் உண்டு. எழுத, படிக்க, பாடம் பார்க்க அது போதும். முப்பரிமாண வரைவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1235யுவில் 80 அலகுகள் கொண்ட ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உண்டு. ஆனால் அதிலும் நீங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்தில் மகனுக்குத் திருமணமானதும் ஒரே வீட்டுக்குள் வேறு வைப்பார்கள். அவனுக்கென்று தனி அடுப்பும் தனிப் பண்டமும் வந்துவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு அப்படி வேறு வைக்கப்பட்ட புள்ளி (தனிக் குடும்பம்). அதற்குச் சொந்த நினைவகம் உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸ் இன்னும் பொது அடுப்பில் சாப்பிடுவது; செயலி எடுக்கும் அதே ரேமிலிருந்துதான் அதுவும் எடுக்க வேண்டும். அந்த ரேம் ஒரே பட்டையாக இருந்தால் பாதையும் பாதியாகிவிடும்: டிடிஆர்4‑3200 பட்டை ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேர்ந்தால் 51.2 ஜிபி. ஒற்றைப் பட்டை இருக்கும்போது இதே 1235யு தன்னை ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டாமல், யுஹெச்டி என்றே காட்டும். ஆகவே, இன்னொரு பட்டை பொருத்த இடம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டு வாங்குங்கள். பொருத்திய பின் டாஸ்க் மேனேஜரில் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர் வந்துவிட்டதா என்பதைக் கடையிலேயே பாருங்கள்.

முற்றத்துத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் பளபளக்க, ஒளி நிழலோடு முழுப் படம் உருவாக்கும் நிலைக்கு மகள் வரும்போது தனிக் கார்டு தேவைப்படலாம். தொடக்க ஆண்டுகளின் வரைவுகளுக்கு 16 ஜிபியோடு இது தாங்கும்.

கேள்வி: இன்டெல்லில் 14க்குப் பிறகு 15ஆம் தலைமுறை ஏன் வரவில்லை? கோர் அல்ட்ரா 200 வரிசையில் எல்லாம் ஒரே கிராபிக்ஸ்தானா?
– மாணவர், பள்ளத்தூர்

பதில்: 2023இல் இன்டெல் பெயர் முறையையே மாற்றி, ஐ என்ற எழுத்தையும் தலைமுறை எண்ணையும் கைவிட்டது. 200 வரிசையில் கிராபிக்ஸ் ஒன்றல்ல. கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் நான்கு எக்ஸ்இ கோர்கள் (கிராபிக்ஸ் கோர்கள்). 255ஹெச் என்றால் எட்டு. 258வி என்றாலும் எட்டே, ஆனால் அவை புதிய எக்ஸ்இ2 வடிவமைப்பைச் சேர்ந்தவை. வி வகையில் ரேம் செயலியோடு ஒரே பொதியில் வருவதால் பின்னர் கூட்ட முடியாது. வி என்ற எழுத்துக்கு முன் 6 இருந்தால் 16 ஜிபி, 8 இருந்தால் 32 ஜிபி.