முழங்கால் முழுதாக மடங்காதவருக்கு மூன்று சக்கர சைக்கிள்

உங்கள் அப்பத்தா மூன்று சக்கர சைக்கிள் மிதிப்பதில் உள்ள சிக்கல், சீட்டை மட்டும் உயர்த்துவதால் தீராது. பெடல் மாட்டியிருக்கும் கம்பியான கிராங்க்கை நீளம் குறைந்ததாக மாற்றுங்கள். 110 கிலோ எடையுள்ள உங்கள் அப்பத்தாவுக்கு, வலது பெடல் மேலே வரும்போதெல்லாம் இடுப்பு ஒரு பக்கமாகத் தூக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரியவர்களுக்கான சைக்கிள்களில் கிராங்க் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், அவருடைய முழங்கால் மடங்கக்கூடியதைவிட அதிகமாக மடங்க வேண்டியிருக்கலாம். 140 மில்லிமீட்டர் கிராங்க் போட்டு, சீட்டை 30 மில்லிமீட்டர் ஏற்றினால், பெடல் உச்சிக்கு வரும்போது காலுக்கு 60 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கும்.

புதிய கிராங்க் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: வண்டியை இருவர் பிடித்துக்கொள்ள, அவர் பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றட்டும். முழங்கால் மடங்குவது நிற்பதற்கு முன்பே தொடை வயிற்றில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால், முதுகுச் சாய்மானமுள்ள அகலமான சீட்டும் தேவைப்படும்.

கிராங்க் குட்டையானால் மிதிக்கச் சற்று அதிக பலம் வேண்டும். காரைக்குடியின் சமமான தெருக்களில் அது பெரிதாகத் தெரியாது. தெரிந்தால், முன் பல்சக்கரத்தைச் சிறியதாக்குங்கள்.

சீட் உயர்ந்தபின் திருப்பத்தில் வண்டி எளிதில் கவிழும் என்பதால், நடை வேகத்தில்தான் திருப்ப வேண்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள எடை வரம்பையும் பாருங்கள். முழங்காலில் வீக்கமோ பழைய அறுவை சிகிச்சையோ இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் அவரை வண்டியில் ஏற்ற வேண்டாம்.