சின்ன வெப்சைட்டுக்கு உள்ளூர் ஹோஸ்டிங்: கேள்வி பதில்

கோவையில் 17 வருடமாகச் சர்வர் (வெப்சைட்டுகள் இருக்கும் கம்ப்யூட்டர்) பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சர்வரில் வெப்சைட்டுக்கு வாடகைக்கு இடம் தருவதுதான் ஹோஸ்டிங்; நான் அதை விற்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதும் இல்லை. கடை, பள்ளி, சங்கம் என்று சின்ன வெப்சைட் வைத்திருப்பவர்கள், நம்மவர்கள் நடத்தும் ஹோஸ்டிங்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு, ஜவுளிக்கடை): மேடம், கடைக்கு ஆறு பக்க வெப்சைட் இருக்கிறது. டிசைனர் ஒரு ஹோஸ்டிங்கைக் காட்டி, 'இந்தியக் கம்பெனி, நம்பி வாங்குங்கள்' என்கிறார். வாங்கலாமா?

பதில்: 'இந்தியக் கம்பெனி' என்பதற்குள் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது சார். கம்பெனி யாருடையது, சர்வர் எங்கே இருக்கிறது, ராத்திரி சைட் விழுந்தால் ஃபோனை எடுப்பது யார். ஹோஸ்டிங் விற்கும் பிக்ராக்கை இன்னும் பலர் நம்மூர்க் கம்பெனி என்றே நினைக்கிறார்கள். இந்தியாவின் டைரக்டி குழுமம் ஆரம்பித்ததுதான், ஆனால் 2014-இல் அமெரிக்காவின் எண்டூரன்ஸ் கம்பெனி கைக்குப் போனது, 2021-இல் எண்டூரன்ஸ் வெப் டாட் காமோடு சேர்ந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது. அதனால் அது மோசம் என்று சொல்லவில்லை. உள்ளூர் முதலாளி வேண்டும் என்பதற்காக வாங்குகிறவர் தெரிந்து வாங்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு புரோஃபார்மா பில் (முன்கூட்டியே தரும் பில்) கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் அதில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா, 27 மகாராஷ்டிரா. அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்படியான பெயரும் பதிவான தேதியும் வந்துவிடும். ஜிஎஸ்டி தொடங்கியதே 1-7-2017 என்பதால் பழைய ஆட்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தேதிதான் இருக்கும். '15 வருட அனுபவம்' என்று பேனர் வைத்துவிட்டு, பதிவு போன தீபாவளிக்கு அப்புறம் என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சேவைத் தொழிலில் 20 லட்சம் விற்றுமுதல் வரை பதிவு கட்டாயமில்லை, அதனால் நியாயமான காரணமும் இருக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளைக்கும் இங்கே ஜிஎஸ்டி எண் உண்டு, எனவே பெயர் 'பிரைவேட் லிமிடெட்' என்று முடிந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்கள் யார் என்றும் பாருங்கள்.

சர்வர் எங்கே என்று தெரிய, அவர்களிடம் இருக்கும் வேறொரு வாடிக்கையாளரின் சைட் முகவரியை வாங்கி கம்ப்யூட்டரில் பிங் (சர்வர் பதில் சொல்ல ஆகும் நேரத்தைக் காட்டும் கட்டளை) போடுங்கள். என் வீட்டு இணைப்பிலிருந்து சென்னை சர்வர் 10, 15 மில்லிசெகண்டில் பதில் சொல்கிறது, மும்பை 30 சொச்சம், அமெரிக்கா 200-க்கு மேல். சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்று பக்கங்களைத் தரும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் போட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது, அவர்களுக்குச் சென்னையிலேயே சர்வர் இருப்பதால் எல்லாமே பக்கத்தில் இருப்பது போலத்தான் காட்டும்.

அப்புறம், டொமைன், அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பெயரிலா, டிசைனர் பெயரிலா? இன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): எது பெஸ்ட்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். இன்று நல்லபடி நடத்துகிறவர் அடுத்த வருடம் கைமாறிவிடலாம். பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டால் எப்போதும் உதவும்.

கேள்வி (திருநெல்வேலி, பள்ளி ஆசிரியை): எங்கள் பள்ளி சைட் வருடம் முழுக்க நன்றாக ஓடுகிறது, ரிசல்ட் அன்று மட்டும் படுத்துவிடுகிறது. 'அன்லிமிடெட்' பிளான்தான் வைத்திருக்கிறோம். ஏன் இப்படி?

பதில்: அன்லிமிடெட் என்பது இடத்துக்கும் டேட்டாவுக்கும் சொல்கிற வார்த்தை டீச்சர். ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பக்கம் தயார் செய்து தரலாம் என்பதற்கு எப்போதும் வரம்பு உண்டு, அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் திரைக்குள் போனால் ஓரமாக 'என்ட்ரி ப்ராசஸ்' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் 20 என்றோ 30 என்றோ ஒரு எண். ரிசல்ட் அன்று காலையில் முந்நூறு பெற்றோர் ஒரே நிமிடத்தில் வந்தால் அந்த 20 நிறைந்துவிடும், மற்றவர்களுக்கு 508 என்று பிழை காட்டும். 'ஐநோட்' என்று இன்னொரு எண்ணும் உண்டு, அது மொத்த ஃபைல்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல் என்பதால் பள்ளி மெயில் பெட்டியே அதை நிரப்பிவிடும். வாங்கும் முன் இந்த இரண்டு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். உள்ளூர் ஆளிடம் உள்ள வசதி, ரிசல்ட்டுக்கு முதல் நாள் கூப்பிட்டு 'நாளைக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி விடுங்கள்' என்று சொல்லலாம். அதைவிட நல்ல வழி, ரிசல்ட் பக்கத்தை மட்டும், கேட்கும்போதெல்லாம் பக்கத்தைத் தயார் செய்கிற வேர்ட்பிரஸில் போடாமல், முன்பே தயாரான வெறும் எச்டிஎம்எல் பக்கமாக வைப்பது. அதே சர்வரில் எத்தனையோ மடங்கு கூட்டம் தாங்கும். மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் ஒன்றாக எல்லோர் கண்ணிலும் படும்படி போட வேண்டாம், பதிவெண் போதும்.

பள்ளியின் டொமைன் தாளாளர் பெயரிலா, பழைய கம்ப்யூட்டர் சார் பெயரிலா?

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, எங்கட நூலகச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்யிறம். வழங்கி சென்னையில இருந்தா நல்லதா, சிங்கப்பூர்ல இருந்தா நல்லதா?

பதில்: வரைபடத்தில் சென்னை பக்கம், ஆனால் உங்கள் இணைப்பு கொழும்பு போய் எந்தக் கடலடிக் கேபிளில் ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நேரம். இரண்டு இடத்துக்கும் காலையிலும் இரவு எட்டு மணிக்கும் பிங் போட்டுப் பாருங்கள் தம்பி, குறைவாக வருவதை எடுங்கள். கொழும்பில் சர்வர் வைத்திருப்பவர்களையும் அதே முறையில் சோதியுங்கள், உங்களுக்கு உள்ளூர் என்றால் அவர்கள்தான். டாட் எல்கே (இலங்கைக்கான) டொமைனைச் சங்கத்தின் பெயரில் பதியுங்கள், செயலாளரின் சொந்த மெயிலில் வேண்டாம், செயலாளர் மாறுவார்.

கேள்வி (திருப்பூர்): வெளிநாட்டு ஹோஸ்டிங்கில் ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தேன். கார்டில் பணம் எடுபடாமல் சைட் நின்றுபோனது. பேங்கைக் கேட்டால் கம்பெனியைச் சொல்கிறார்கள்.

பதில்: 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க முன் அனுமதி) விதி இருக்கிறது. முன்கூட்டித் தகவல் வராமல், உங்கள் அனுமதி பதிவாகாமல் கார்டிலிருந்து தானாக எடுக்க முடியாது. அந்த முறைக்குள் வராத வெளிநாட்டு நிறுவனம் என்றால் பணம் எடுக்கும் முயற்சி தோற்றுப்போகும். உள்ளூரில் வாங்குவதற்கு என் கணக்கில் மிகப் பெரிய காரணமே இதுதான்: யுபிஐ-யில் கட்டலாம், ரூபாயில் பில், இருவரும் ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள் உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம். காலண்டரில் குறித்துவைத்துக் கையால் கட்டுங்கள்.

கேள்வி (சேலம்): உள்ளூர்க் கம்பெனியை மூடிவிட்டால்?

பதில்: நடந்திருக்கிறது. நெட்4இந்தியா நம் நாட்டின் பழைய டொமைன் கம்பெனிகளில் ஒன்று. 2019-இல் திவால் வழக்குக்குள் போனது. பலரால் டொமைனை ரினியூ செய்யவும் முடியவில்லை, வேறு இடத்துக்கு மாற்றவும் முடியவில்லை. 2021-இல் ஐகான் (உலக அளவில் டொமைன்களை மேற்பார்வையிடும் அமைப்பு) அதன் அங்கீகாரத்தை ரத்துசெய்து டொமைன்களை வேறு பதிவாளருக்கு (டொமைன் பதிந்து தரும் கம்பெனி) மாற்றியது. அதனால்தான் சொல்கிறேன், டொமைன் ஒரு கடையில், ஹோஸ்டிங் வேறு கடையில் இருக்கட்டும். ஹோஸ்டிங் போனால் பேக்அப்பை (தனியாக எடுத்துவைத்த நகல்) வைத்து ஒரே நாளில் எழுந்துவிடலாம். டொமைன் போனால் விசிட்டிங் கார்டு, போர்டு, மெயில் எல்லாம் போச்சு.

கேள்வி (கரூர்): விற்பவர் ரீசெல்லர், அதாவது இன்னொரு கம்பெனியின் சர்வர் இடத்தை வாங்கி விற்பவர், என்று தெரிந்தால் என்ன செய்வது?

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி (மதுரை, ரீசெல்லர்): அக்கா, நீங்கள் இப்படி ஒரே வார்த்தையில் சொல்வது நியாயமில்லை. நான் 60 கடைகளுக்கு ஹோஸ்டிங் தருகிறேன். சொந்த சர்வர் கிடையாதுதான். ஆனால் ராத்திரி 11 மணிக்கு ஃபோன் எடுப்பது நான். பெரிய கம்பெனி எடுக்குமா? உள்ளூர் உள்ளூர் என்கிறீர்களே, எங்களைவிட உள்ளூர் யார்?

பதில்: நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது தம்பி. அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். உங்களைப் போன்றவர்கள் பட்ட அடியும் எனக்குத் தெரியும். 2019-இல் சிபேனல் நிறுவனம், ஒரு சர்வருக்கு ஒரு விலை என்பதை மாற்றி, அதில் உள்ள வாடிக்கையாளர் கணக்கு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஆக்கியபோது சொந்த சர்வர் வைத்திருந்த எத்தனையோ சின்ன ஆட்கள் அதை விட்டுவிட்டு ரீசெல்லர் ஆனார்கள். எனக்கு ரீசெல்லர் மேல் கோபமில்லை, அதை மறைக்கிற ரீசெல்லர் மேல்தான். உங்களுக்கு மேலே இருந்து சர்வர் தருபவர் யார் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? உங்களுக்கு நாளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த 60 கடைக்காரர்களும் யாரைக் கூப்பிடுவார்கள்? பேக்அப் உங்களிடம் தனியாக இருக்கிறதா, மேலே உள்ளவர் எடுப்பதையே நம்பியிருக்கிறீர்களா?

கேள்வி (சென்னை, மென்பொருள்): எதற்கு இவ்வளவு சண்டை? ஆறு பக்க சைட்டை ஸ்டாட்டிக்காக (முன்பே தயாரான பக்கங்களாக) மாற்றி கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக வைத்துவிடலாம். இந்தக் காலத்தில் ஷேர்டு ஹோஸ்டிங்கே (ஒரே சர்வரைப் பலர் பங்கிடுவது) தேவையில்லை.

பதில்: முதலில், கிட்ஹப் பேஜஸை வியாபாரத் தளம் நடத்தப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. வேறு இலவச இடங்கள் உண்டு, தொழில்நுட்பமாக நீங்கள் சொல்வது சரி, வேகமாகவும் இருக்கும். ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு முதல் நாள் ராத்திரி ஈரோட்டுக் கடைக்காரர் ஒரு விலையை மாற்ற வேண்டும். யார் மாற்றித் தருவது? நீங்கள் தருவீர்களா?

கேள்வி (மதுரை, ரீசெல்லர்): அதைத்தான் நானும் கேட்கிறேன். என் ஆட்கள் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்புவார்கள், நானே ஏற்றிவிடுவேன். பேக்அப் மட்டும் நீங்கள் சொன்னது போலத்தான், மேலே உள்ளவரிடம் இருக்கிறது. தனியாக இல்லை.

பதில்: நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. இந்த வாரமே சரிசெய்யுங்கள். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்களை வைத்திருக்கும் கட்டடம்) ஒன்று முழுதாக எரிந்துபோனது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று. பேக்அப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போனது. என் அனுபவமும் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு சின்ன டேட்டா சென்டரில் என் பொறுப்பில் நான்கு சைட் இருந்தது. கட்டடத்துக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர லாரி வர முடியவில்லை. இரண்டு நாள் இருட்டு. அதில் மூன்று சைட்டின் பேக்அப் கோவையில் என் மேஜை மேல் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது, அன்று மாலையே வேறு இடத்தில் ஏற்றினேன். நான்காவது ஒரு மருந்துக்கடையின் சைட், அதன் பேக்அப் அந்த டேட்டா சென்டருக்குள்ளேயே இருந்தது. அந்த அம்மா இரண்டு நாளும் எனக்கு ஃபோன் செய்துகொண்டே இருந்தார், சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை பேக்அப்பை வேறு சர்வரில் விரித்து, முகப்புப் பக்கம் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை. 60 கடையையும் பார்க்க முடியாவிட்டால் வாரத்துக்கு ஐந்து கடையையாவது பாருங்கள்.

கேள்வி (சென்னை, மென்பொருள்): சரி, அந்தக் கடைக்காரருக்கு ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள் ஹோஸ்டிங் விற்பவராக இருக்க வேண்டியதில்லையே? பராமரிப்புக்குத் தனியாகப் பணம் கொடுக்கலாம்.

பதில்: கொடுத்தால் மிக நல்லது. நம் ஊரில் பராமரிப்புக்கு என்று தனியாகக் காசு கேட்டால் யாரும் தருவதில்லை, ஹோஸ்டிங் பில்லுக்குள் அது ஒளிந்துகொள்கிறது. மதுரைத் தம்பியின் 60 கடைக்காரர்களும் வாங்குவது சர்வர் இடம் மட்டும் இல்லை, தம்பியின் நேரத்தையும் சேர்த்துத்தான். பில்லில் இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டால் எல்லோருக்கும் தெளிவாக இருக்கும்.

கேள்வி (திருச்சி): உள்ளூரில் எது பெஸ்ட் ஹோஸ்டிங்?

பதில்: மேலே 'ஒரே ஒரு பெயர்' கேட்ட மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): எஸ்எஸ்எல்-லுக்கு (சைட்டில் பூட்டுக் குறி வரவைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்) வருடம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2016-இலிருந்தே இலவசமாகத் தருகிறது, சின்ன சைட்டுக்கு அதுவே போதும். அதைப் போட்டுவிட்டு 1,500 வாங்குகிறவரிடம் ஹோஸ்டிங்கும் வாங்க வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): கூகுளில் முதல் பக்கம் வர எந்த ஹோஸ்டிங்?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி (வேலூர்): நல்ல ஹோஸ்டிங் பெயர் ஒன்று...

பதில்: மேலே படியுங்கள். தயவுசெய்து.

கேள்வி (ஈரோடு, ஜவுளிக்கடை): மேடம், நீங்கள் சொன்னதும் பார்த்தேன். டாட் காம் டொமைன் டிசைனர் பெயரிலும் அவர் மெயிலிலும்தான் இருக்கிறது. காலாவதிக்கு இன்னும் 40 நாள். கேட்டால் 'நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா' என்கிறார்.

பதில்: சண்டை போட வேண்டாம், முதலில் ரினியூவல். இன்றே அவருக்கு யுபிஐ-யில் பணம் அனுப்பி, குறிப்பில் டொமைன் பெயரையும் 'ரினியூவல்' என்றும் எழுதுங்கள். ஆன பிறகு காலாவதித் தேதி ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. அப்புறம் அதே பதிவாளரிடம் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் செலவு எதுவும் இருக்காது, பத்து நிமிட வேலை. உரிமையாளர் இடத்தில் கடையின் பெயரும் உங்கள் மெயிலும் வந்ததா என்று சரிபாருங்கள். அவர் இழுத்தடித்தால், ஆதாரமாகக் கடையின் ஜிஎஸ்டி சான்று, இதுவரை பணம் கட்டிய ரசீதுகள், அவரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் இன்றே ஒரு ஃபோல்டரில் எடுத்துவையுங்கள். கணக்கு உங்கள் கைக்கு வந்ததும் வந்து சொல்லுங்கள், ஹோஸ்டிங்கை அப்புறம் பார்ப்போம்.